நம் மூட்டைக்குள் அடுத்த வீட்டுச் சாமான்

சனிக்கிழமை இரவு 11 மணிக்குத் தொடங்கி ஞாயிறு விடிவதற்குள் முடிந்திருக்க வேண்டிய பேக்கப், திங்கட்கிழமை காலை 9 மணிக்குக் கணக்குப் பிரிவினர் வந்து அமர்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? இராணிப்பேட்டையில் தோல் பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைச் சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டிலிருந்தே கவனித்து வருகிறேன். அந்தக் கணக்கு சர்வரின் சொந்த டிஸ்கில் இருப்பது மொத்தமே 120 ஜிபி. ஆனால் அதனுடன் இணைத்திருந்த 2 டெராபைட் பேக்கப் டிஸ்க்கோ நிரம்பும் தறுவாயில் இருந்தது.

உள்ளே புகுந்து பார்த்தால், வடிவமைப்புப் பிரிவின் செருப்புப் படங்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கின்றன! அவை இருப்பது வேறொரு என்ஏஎஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் தனிச் சேமிப்புப் பெட்டியில். அதற்குத் தனி பேக்கப் ஏற்கெனவே உண்டு. கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் என்எஃப்எஸ் வழியாக இங்கே மவுண்ட் செய்திருக்கிறார்கள், அதாவது இந்த சர்வரின் கோப்புறைபோலவே தெரியும்படி இணைத்திருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரல் அதையும் இந்த சர்வரின் சொத்தாகவே எண்ணி, 100 எம்பிபிஎஸ் வேகமுள்ள பழைய ஸ்விட்ச் வழியாக இழுத்துக்கொண்டிருந்தது. அந்த ஸ்விட்ச் முழு மூச்சில் ஓடினாலும் நொடிக்கு 12.5 எம்பிதான், ஒரு டெராபைட்டுக்கே 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

எதையெல்லாம் நகலெடுக்கக் கூடாது என்ற விலக்குப் பட்டியல் இல்லாமல் இல்லை. எனக்கு முன்பிருந்தவர் 'எம்என்டி' என்ற ஒரு கோப்புறைப் பாதையை மட்டும் அதில் எழுதி வைத்திருந்தார். பிறகு வந்த யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் படப் பெட்டியை 'எஸ்ஆர்வி' என்ற வேறு கோப்புறையின் கீழ் மவுண்ட் செய்துவிட்டு, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டார். பாதையின் பெயரை நம்பி விலக்கினால் இப்படித்தான் ஆகும். ஆர்சிங்க்கிலும், கோப்புகளைக் கட்டி வைக்கும் டார் நிரலிலும் 'ஒன் ஃபைல் சிஸ்டம்' என்றொரு ஆப்ஷன் இருப்பது எதற்காக? தொடங்கிய ஃபைல் சிஸ்டத்தின் (ஒரு டிஸ்க் அல்லது அதன் ஒரு பிரிவிலுள்ள கோப்பு அமைப்பின்) எல்லையைத் தாண்டாதே என்று சொல்வதற்குத்தானே! அதையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட முடியாது என்பது வேறு கதை: 'வார்' என்ற கோப்புறை தனிப் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்கின் தனிப் பிரிவில் இருந்தால் அதுவும் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும், டேட்டாபேஸ் அங்கே இருந்தால் பேக்கப் எடுத்தும் எடுக்காத கதைதான். ஆகவே உள்ளூர்ப் பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்.

இதை எடுத்துச் சொன்னால் மேலாளர், "எதற்கும் எல்லாமே இருக்கட்டுமே சார், இடம்தானே?" என்கிறார். இடம் மட்டுமா? இணைப்பு 'ஹார்டு மவுண்ட்' வகை என்றால், மின்தடையில் அந்தப் படப் பெட்டி அணைந்துபோகும் நாளில் பேக்கப் பிழை என்றும் சொல்லாது, முடியவும் முடியாது. பதில் வரும்வரை அப்படியே நிற்கும். அன்றைக்குக் கணக்குகளுக்கும் பிரதி இருக்காது.

நேற்று இரவு மற்ற இரண்டு சர்வர்களையும் திறந்து பார்த்தேன். அதே படப் பெட்டி இரண்டிலும் மவுண்ட் ஆகியிருக்கிறது. விலக்கும் வரி ஒன்றிலும் இல்லை.