டாம் ராபின்சனுக்காக யார் எழுந்து நின்றார்கள்?

'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் பற்றிய ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டத்தில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள், வராதவர்கள் அதற்குப் பிறகு குழுவில் நடந்த சண்டையைப் படித்திருப்பீர்கள். "டாம் ராபின்சன் பாவம், பாதிக்கப்பட்டவர், அவ்வளவுதான். அறத்துணிவு என்றால் அட்டிகஸ் ஃபின்ச்" என்று தீர்ப்பாகிவிட்டது. நான் மறுத்ததற்கு "உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்ற பட்டமும் கிடைத்தது. மிக்க நன்றி. இப்போது நிதானமாகவே எழுதுகிறேன், முடிந்தவரை.

ஹார்ப்பர் லீயின் அந்த நாவல் 1960இல் வந்தது. அமெரிக்கத் தெற்கு மாநிலமான அலபாமாவில், மயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணை வன்புணர்ந்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பர் டாம். அவருக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞர் அட்டிகஸ். தீர்ப்புக்குப் பிறகு அட்டிகஸ் நீதிமன்றத்தை விட்டு வெளியேறும்போது மாடியில் இருக்கும் கறுப்பின மக்கள் அனைவரும் எழுந்து நிற்கும் காட்சியைச் சொல்லித்தான் அன்று எல்லோரும் நெகிழ்ந்தீர்கள். எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் அதே அறையில் சற்று முன்புதான் டாமைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள். அவருக்காக யார் எழுந்து நின்றார்கள்? நாவலில் நிற்கவில்லை. நம் கூட்டத்திலும் நிற்கவில்லை.

டாம் செய்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஊர் முழுவதும் தனக்கு எதிராக இருக்கிறது. நடுவர் குழுவில் இருப்பவர்கள் அனைவரும் வெள்ளையர். அந்தச் சாட்சிக் கூண்டில் ஏறி, மயெல்லாதான் தன்னை அணைத்து முத்தமிட்டாள் என்று சொல்கிறார். எப்படிப்பட்ட அலபாமாவில்? அப்படிச் சொல்வதே ஒரு குற்றமாகப் பார்க்கப்பட்ட அலபாமாவில். அந்தப் பெண் பொய் சொல்கிறாளா என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் மடக்கும்போதுகூட, பொய் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை, அவள் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்கிறார். கூலி வாங்காமல் ஏன் அவளுக்கு வேலை செய்து கொடுத்தாய் என்று கேட்கும்போது, அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன் என்கிறார். ஒரு கறுப்பர் ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்துப் பரிதாபப்படுவதா! அங்கேயே வழக்கு முடிந்துவிடுகிறது. கதைசொல்லியே அந்த வாக்கியத்தை டாமின் தவறு என்றுதான் குறிப்பிடுகிறாள். தன் உயிருக்கு உலை வைக்கும் உண்மையைச் சொன்னவனுக்குக் கிடைத்த பெயர் தவறு செய்தவன். அவனுக்காக வாதாடியவருக்குக் கிடைத்த பெயர் அறத்தின் உருவம்.

"தேர்வு செய்யும் வாய்ப்பு இருப்பவனுக்குத்தான் துணிவு. டாமுக்கு என்ன தேர்வு இருந்தது?" என்பீர்கள். இதைத்தான் அன்றும் கேட்டீர்கள். இருந்தது. பரிதாபம் என்ற சொல்லை விழுங்கியிருக்கலாம். முத்தத்தை மறைத்திருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு 'எனக்கு எதுவும் நினைவில்லை ஐயா' என்றிருக்கலாம். அப்படிச் சொல்லித் தப்பியிருப்பாரா என்பது வேறு விஷயம். தேர்வைப் பற்றிப் பேசுவதென்றால் அட்டிகஸையும் பேச வேண்டுமல்லவா? அவர் தானாக முன்வந்து வழக்கை எடுக்கவில்லை. நீதிபதி டெய்லர் நியமித்தார். இப்படியொரு வழக்கு வராமலே வாழ்ந்து முடித்துவிடலாம் என்று நம்பியிருந்ததாக அவரே தம்பியிடம் சொல்கிறார். இதை யாரும் மேற்கோள் காட்ட மாட்டார்கள்.

உடனே "அட்டிகஸைச் சிறுமைப்படுத்துகிறீர்கள்" என்று வராதீர்கள். சிறைவாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு கும்பலுக்கு எதிரே தனியாக உட்கார்ந்தவர் அவர். அது துணிவுதான். நான் கேட்பது, ஒருவரைப் புகழ இன்னொருவர் ஏன் வெறும் 'பாவம்' ஆக வேண்டும் என்பதுதான்.

மார்க் ட்வைனின் ஹக்கில்பெரி ஃபின்னையும் இப்படித்தான் வாசிக்கிறோம். தப்பியோடிய அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டு, சரி, நரகத்துக்கே போகிறேன் என்று, அடிமைக்கு உதவுவது பாவம் என்று கற்பிக்கப்பட்ட வெள்ளைச் சிறுவன் ஹக் முடிவெடுக்கும் இடத்தைத் தலைகீழாக ஒப்பிப்போம். அதே நாவலின் கடைசியில், ஹக்கின் நண்பன் டாம் சாயர் குண்டடிபட, அவனுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கு ஆள் துணை தேவைப்படுகிறது. ஒளிந்திருந்த ஜிம் தானாகவே வெளியே வருகிறார். வந்தால் பிடிபடுவோம் என்று தெரிந்தே வருகிறார், பிடிபடுகிறார். ஹக்குக்குக் கிடைக்கவிருந்த நரகம் மறுமையில். ஜிம்முக்கு அன்றே, கையில் விலங்கோடு.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடர்பில்லை என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். அவள் வேலை பார்த்த இடத்தில் பதவி உயர்வுப் பட்டியலில் சிலருடைய பெயர்கள் மட்டும் தொடர்ந்து விடுபட்டுக்கொண்டிருந்தன. எந்தச் 'சிலர்' என்று உங்களுக்கே புரியும். அவளும் அந்தச் சிலரில் ஒருத்தி. கூட்டத்தில் எழுந்து ஏன் என்று கேட்டாள். சண்டைக்காரி என்று பெயர் வைத்தார்கள், வேலை மாற்றினார்கள். பிறகு ஒரு மூத்த அதிகாரி அதே கேள்வியை, ஏறக்குறைய அவளுடைய சொற்களிலேயே, மென்மையாகக் கேட்டார். மனசாட்சியுள்ள மனிதர் என்று பாராட்டு விழாவே நடந்தது. அக்காவும் போய்க் கைதட்டிவிட்டு வந்தாள். நல்ல மனிதர்தான் அவர். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அந்தக் கைதட்டல்மீதுதான் கோபம், இன்றுவரை.

கற்பனைப் பாத்திரங்களை விடுங்கள். ஃபிரடெரிக் டக்ளஸ் 1845இல் தன் வாழ்க்கையை எழுதியபோது சட்டப்படி இன்னும் தப்பியோடிய அடிமை. தன்னை உடைமையாக வைத்திருந்தவர்களின் பெயர்களை அச்சிலேயே போட்டார். பிடித்துப்போவார்கள் என்ற அச்சத்தில் கடல் கடந்து பிரிட்டனுக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் வருவது அவருடைய குரலா? இல்லை. வில்லியம் லாயிட் கேரிசனின் முன்னுரை, அடுத்து வெண்டல் பிலிப்ஸின் கடிதம். இருவரும் அடிமைமுறையை எதிர்த்த வெள்ளையர், இவர் சொல்வது உண்மைதான் என்று சான்றளிக்கிறார்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பப் பாட்டியின் வீட்டுக் கூரைக்கடியில், நிமிர்ந்து நிற்க முடியாத இடுக்கில், ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்த ஹேரியட் ஜேக்கப்ஸின் 1861ஆம் ஆண்டுப் புத்தகமும் வெள்ளை எழுத்தாளர் லிடியா மரியா சைல்டின் முன்னுரையோடுதான் வந்தது. அவர்கள் காலத்தில் முன்னுரை இல்லாமல் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நமக்கு என்ன வந்தது?

"வாசகர்களில் பெரும்பாலோர் அட்டிகஸின் இடத்தில் இருப்பவர்கள், அவர்களுக்கு ஒரு முன்மாதிரி வேண்டாமா?" என்று ஒரு தோழி தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். கேட்கப்பட்டவற்றுள் நேர்மையான கேள்வி இதுதான். வேண்டும். ஆனால் அந்தப் பெரும்பாலோரில் என்னையும் என் அக்காவையும் சேர்த்துக்கொண்டது யார்? அந்தக் கூட்டத்தில் டாமின் பக்கத்திலிருந்து வாசிக்கிறவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தின் எல்லை அது, 1960இல் வந்த நாவல் அப்படித்தான் இருக்கும் என்பவர்களுக்குப் பதில் எழுத எனக்குப் பொறுமையில்லை. நான் பேசுவது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

கருத்துப் பெட்டியில் வாதாட வருகிறவர்கள் 19ஆம் அத்தியாயத்தை, டாமின் சாட்சியத்தை, ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். படம் பார்த்தேன் என்பது கணக்கில் வராது.