‘ஜிபி’யைப் பிய், ‘யூகே’யை ஒட்டு

எந்த நாட்டு வண்டி என்று காட்ட பிரிட்டன் வண்டிகளுக்கு 1910 முதல் இருந்த ‘ஜிபி’ (GB, கிரேட் பிரிட்டன்) எழுத்து 2021 செப்டம்பர் 28 முதல் வெளிநாட்டில் செல்லாது, ‘யூகே’ (UK, யுனைடெட் கிங்டம்) வேண்டும். இரண்டே எழுத்துதான், ஆனால் எத்தனை குழப்பம்! நம்பர் பிளேட்டில் பிரிட்டனின் யூனியன் கொடியோடு ‘யூகே’ இருந்தால் பிரான்ஸில் தனியாக ‘யூகே’ ஸ்டிக்கர் வேண்டாம். அப்படியே ஸ்பெயினுக்குள் நுழைந்தால் வேண்டும்! சைப்ரஸ், மால்டாவிலும் பிளேட்டில் என்ன இருந்தாலும் ஸ்டிக்கர் கட்டாயம். அயர்லாந்துக்கு எதுவுமே தேவையில்லை. இதை யார் நினைவில் வைத்துக்கொள்வது? பிளேட்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பழைய நட்சத்திர வட்டமோ ஸ்காட்லாந்துக் கொடியோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டிக்கர்தான்.

காந்த ஸ்டிக்கருக்குக் காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இப்போது பல கார்களின் பின்கதவு அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். காந்தம் எப்படிப் பிடிக்கும்? பசை ஸ்டிக்கரே வாங்குங்கள்: வெள்ளை நீள்வட்டம், கறுப்பு எழுத்து, எழுத்தின் உயரம் குறைந்தது 8 செ.மீ. பழைய ‘ஜிபி’யை அப்படியே விடக்கூடாது, மறைக்கவாவது வேண்டும். பிய்ப்பதென்றால் ஹேர் டிரையரால் சூடாக்கி ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். பிளேடால் சுரண்டினால் பெயின்ட்டும் சேர்ந்து வரும். கேரவன் இழுத்துப் போனால் அதன் பின்னாலும் ஒன்று ஒட்ட வேண்டும்.