அவளை லேபிள் எழுத விடுங்கள்

ஷேர் ஆகிக்கொண்டிருக்கும் அந்தப் போட்டோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அருங்காட்சியக விழா வாசலில் பூத்துக்குளி என்கிற பூவேலைச் சால்வை போர்த்தி, பூத்தட்டோடு நிற்கிற, நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண். அவள் அங்கே இன்டர்ன். ஆவணப் பிரிவில் வேலை கற்றுக்கொள்ள வந்தவள், வரவேற்புக்கு வந்தவள் இல்லை. இரண்டு நாளாக எனக்கு மனசே ஆறவில்லை.

"பாரம்பரிய உடைதானே, பெருமைதானே?" என்று கேட்கிறார்கள். அவளாக உடுத்திக்கொண்டு வந்திருந்தால் பெருமைதான். மற்ற இன்டர்ன்கள் யாரையும் அப்படி நிறுத்தவில்லையே, ஏன்?

போன மாதம் வரை நான் அங்கே ஒப்பந்த வேலையில் இருந்தேன். அவள் பக்கத்து மேஜை. வந்த முதல் வாரமே தோடர் சால்வை இருந்த ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டாள். "அக்கா, இதைத் திருப்பி மாட்டியிருக்காங்க."

தோடர் பெண்கள் துணியில் கோலம் வரைந்துகொள்வதில்லை. இழையை எண்ணி எண்ணி, பின்பக்கமாகத் தைக்கிறார்கள். சிவப்பும் கறுப்புமாக நூல் புடைத்து நிற்கிற பக்கம்தான் அவர்களுக்கு நல்ல பக்கம். அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத் தொங்கியது. லேபிளில் 'பழங்குடியினர் சால்வை', அவ்வளவுதான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூவேலைக்கு அதுதான் மரியாதை!

பெட்டியைத் திறந்தபோது உறை போட்ட விரலால் ஓரத்தைத் தடவி, உதட்டுக்குள் இழை எண்ணினாள். அன்று ராத்திரி மந்தில், அதாவது தோடர் ஊரில், இருக்கும் பாட்டிக்குப் போன் போட்டுக் கேட்டு, மறுநாள் அந்தச் சால்வையைப் பற்றி நோட்டில் அரைப் பக்கம் எழுதி வந்தாள். படிக்கிற காலத்தில் பாட்டியோடு தைக்க உட்கார்ந்ததே இல்லையாம். இப்போது லீவுக்குப் போனால் உட்காருகிறாள்.

அந்த அரைப் பக்கம் இன்னும் ஃபைலில்தான் இருக்கிறது. நிபுணர் பார்க்க வேண்டுமாம். சரி, நிபுணர்கள் என்ன செய்தார்கள்? 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தோடர்களையும் அதே நீலகிரியின் இன்னொரு பழங்குடியான கோத்தர்களையும் உடம்பு உடம்பாக அளந்து 1896இல் அச்சிட்டார். அன்றைக்கும் அவளுடைய முன்னோர் யாரோ பார்ப்பதற்காகத்தான் நின்றார்கள். அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

பூர்வகுடிகளின் பண்பாட்டுப் பொருட்களை அவர்கள் சம்மதமில்லாமல் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2024 ஜனவரியில் விதி வந்தது. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு கூடங்களையே மூடியது. நாம் கூடத்தை மூட வேண்டாம். ஒரு துணியைத் திருப்பி மாட்டலாம் இல்லையா? அவள் எழுதியதைப் பக்கத்தில் ஒட்டலாம் இல்லையா?

"உதவித்தொகை தருகிறார்களே" என்கிறவர்களுக்கு: அது ஆவண வேலைக்கு.

"இதைப் பெரிசாக்கினால் அடுத்து யாரையும் எடுக்க மாட்டார்கள்" என்று ஒரு நண்பர் சொன்னார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

போட்டோவை ஷேர் செய்தவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.