மசாடாவை மட்டும் பேசினால் போதுமா?

மசாடா என்றதும் எல்லோரும் சொல்வது ஒரே கதைதான். இன்றைய இஸ்ரேலின் யூதேயப் பாலைவனத்தில், சாக்கடல் கரையிலிருந்து 400 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் மலை. உச்சியில் கோட்டை, சுற்றிலும் ரோமப் படை. கி.பி. 73 அல்லது 74இல், அடிமையாவதைவிடச் சாவதே மேல் என்று ரோமை எதிர்த்துக் கிளர்ந்த யூதர்கள் 960 பேர் தங்களுக்குள்ளேயே கொன்றுகொண்டு மாண்டார்கள். இதை வீரகாவியமாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

இதற்கு எழுத்துச் சாட்சி அக்கால வரலாற்றாசிரியர் ஜோசப்பஸ் ஒருவர்தான். அவரும் அங்கே இருந்தவரில்லை. யூதத் தளபதியாக இருந்து ரோமர்களிடம் சரணடைந்தவர். கி.பி. 67இல் அவர் காத்த யோத்பத்தா நகரம் ரோமர்களிடம் வீழ்ந்தபோது குகையில் ஒளிந்திருந்த இவரும் கூட்டாளிகளும் சீட்டுப் போட்டு ஒருவரையொருவர் கொன்றுகொள்ளத் தீர்மானித்தார்கள். கடைசியில் மிஞ்சியது இவரும் இன்னொருவரும்! அப்புறம் பார்த்தால், மசாடாவிலும் யார் மற்றவர்களைக் கொல்வது என்று அதே சீட்டுப் போட்டதாக எழுதுகிறார். சந்தேகம் வருமா, வராதா?

1963–65இல் அங்கே அகழாய்வு செய்த இஸ்ரேலியத் தொல்லியலாளர் யிகால் யாதினுக்குப் பெயர் எழுதிய பானையோடுகள் கிடைத்தன. ஒன்றில் 'பென் யாயிர்' என்று இருந்தது. மசாடாவின் கிளர்ச்சித் தலைவர் எலெயாசர் பென் யாயிரின் பெயர் அது. இவைதான் அந்தச் சீட்டுகள் என்றார் யாதின். இருக்கலாம். ஆனால் கிடைத்த எலும்புக்கூடுகள் முப்பதுக்கும் குறைவு.

சரி, ஜோசப்பஸை நம்புவோம் என்றே வையுங்கள். அவரே எழுதியிருக்கிறார்: மசாடாவில் இருந்த சிக்காரிகள் (அந்தக் கிளர்ச்சிக்காரர்களான யூதத் தீவிரக் குழுவினர்) பஸ்கா பண்டிகைச் சமயத்தில் பக்கத்து ஊரான எங்கேதிக்குள் புகுந்து, ஓட முடியாத பெண்களும் குழந்தைகளுமாக 700 பேருக்கு மேல் கொன்றார்கள்; விளைச்சலை அள்ளி மலைக்குக் கொண்டுபோனார்கள். செத்தவர்களும் யூதர்கள்தான். 960ஐச் சொல்கிறவர்கள் இந்த 700ஐ ஏன் விழுங்கிவிடுகிறார்கள்? "மசாடா மீண்டும் வீழாது" என்று இஸ்ரேலியக் கவசப் படையினர் அந்த உச்சியில் நின்று உறுதிமொழி எடுத்த காலம் உண்டு. எங்கேதியையும் சேர்த்து நினைத்தால் அந்த வாசகம் அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

எனக்கு அங்கே உண்மையிலேயே வியப்பு தருவது தண்ணீர். கோட்டையை எழுப்பிய ஏரோது மன்னன் கொடுங்கோலன்தான், ஆனாலும் அவனுடைய ஆட்கள் கெட்டிக்காரர்கள். எப்போதோ பெய்யும் மழையில் ஓடைகளில் பாயும் வெள்ளத்தை மறித்து, கால்வாய் வெட்டி, மலைச்சரிவில் குடைந்த தொட்டிகளில் நிரப்பினார்கள். மேலும் கீழும் சேர்த்துச் சுமார் 4 கோடி லிட்டர் பிடிக்கும். சரிவுத் தொட்டிகளிலிருந்து உச்சிக்குச் சுமந்துதான் ஏற்ற வேண்டும். அந்தத் தண்ணீரில் மன்னனுக்கு வெந்நீர்க் குளியலறை வேறு!

நூறாண்டு கழித்துக் கிளர்ச்சிக்காரர்களுக்கும் இந்தத் தொட்டிகள்தான் கைகொடுத்தன. தாகத்தால் பணியவைக்க முடியாது என்பதால்தான் ரோமர்கள் மேற்கே அந்தப் பெரிய சாய்தளத்தைக் கட்டி ஏறினார்கள் என்பது என் கணிப்பு. வேடிக்கை என்னவென்றால், கீழே முற்றுகையிட்டிருந்த அவர்களுக்குத்தான் குடிதண்ணீர் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது.