யார் யார் கைமாறி வந்தது?

இங்கே பினாங்கில் பழைய சாமான் கடைக்குப் போனால் "எத்தனை வருஷத்துப் பொருள்?" என்றுதான் கேட்கிறோம். "இதற்கு முன்னால் யாரிடம் இருந்தது?" என்று கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அருங்காட்சியகத்தில் வேலை செய்பவர்கள் இதைப் புரோவெனன்ஸ் என்பார்கள். பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் வேர்ச்சொல். 'வெளிவருதல்' என்று பொருள். இன்று பிறந்த இடத்தோடு, கைமாறிய வரிசை முழுவதையும் குறிக்கிறது. பெரியவர்கள் "அதன் பூர்வோத்தரம் என்ன?" என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். பழைய கார் வாங்கினால் கிரான் (வண்டியின் உரிமைப் பத்திரம்) பார்க்கிறோம். சாமி சிலைக்கு மட்டும் "பழைய வீட்டுச் சாமான், அண்ணே" என்ற பதில் போதுமாம்!

ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அரியலூர் மாவட்டக் கோயிலில் திருடுபோன சோழர் காலச் சிலை. ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் அதை நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. காகிதங்களும் கூடவே வந்தன. சிலை 1972-க்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்றன அவை. தனியார் தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோகத் தடைபோட்ட இந்தியத் தொல்பொருள் சட்டம் வந்த வருடம் 1972. வருடத்தை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் பாருங்கள்! ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் 1994-இல் எடுத்த புகைப்படம் இருந்தது. அதில் நடராஜர், கோயிலுக்குள்ளேயே இருக்கிறார். காகிதம் பொய் என்று அம்பலமாகி, 2014-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. அதே வியாபாரியிடம் வாங்கிய உமா பரமேஸ்வரி சிலையைப் பக்கத்துச் சிங்கப்பூரும் 2015-இல் திருப்பிக் கொடுத்தது. பெரிய நிறுவனங்களே ஏமாறும்போது, பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஞாயிற்றுக்கிழமை நடை போகிற நாம் எம்மாத்திரம்?

இத்தனைக்கும் பொருள் யாருடையது என்று பதிந்து வைக்கிற வழக்கம் நம்மிடமே உண்டு. பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுதான். சீர்வரிசை அண்டாவில் பெண்ணின் பெயர் இருக்கும், செட்டியார் வீட்டுச் சாமானில் விலாசம் எனும் குடும்ப முன்னெழுத்துகள் இருக்கும். நியூசிலாந்தில் 1836 வாக்கில் கிடைத்த கப்பல் மணியைத் தமிழ்மணி என்கிறார்களே, அதிலும் முகையதீன் பக்ஸ் என்ற உடைமையாளர் பெயர் தமிழில்தான் இருக்கிறது. அந்த ஒரு வரி இல்லையென்றால், மாவோரி மக்கள் கிழங்கு வேகவைத்த உடைந்த வெண்கலம் என்பதற்கு மேல் அதைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது இன்னும் புதிர்தான், அது வேறு விஷயம்.

இங்கே ஒரு கடையில் பித்தளைக் குத்துவிளக்கை எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒரு பெயர், அரைகுறையாகத் தேய்ந்திருந்தது. "பாலிஷ் போட்டு அழிச்சுத் தரேன், புதுசு மாதிரி ஆயிரும்" என்றார் கடைக்காரர். பெயர் இருந்தால் விலை போகாதாம். எனக்கென்றால் பெயருள்ளதற்கு இருபது வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுக்கலாம்.

பாட்டி வீட்டுச் சாமானைத் தள்ளிவிடப் போகிறவர்கள், யாருடையது, எந்த ஊர், எப்போது கப்பலேறி வந்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள். அப்புறம், பினாங்கில் இன்னும் உளி பிடித்துக் கையால் பெயர் வெட்டித் தருபவர் இருந்தால் கீழே சொல்லுங்கள். வீட்டில் இரண்டு அண்டா காத்திருக்கிறது.