ரசீது எதனா குடுத்தானா?

11 வருஷத்துக்கு மேல் நான் எழுதி, படம் போட்டு, வீடியோ ஏற்றி வைத்திருந்த ஒரு கணக்கு, பொங்கல் முடிந்த அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இல்லாமல் போய்விட்டது. எந்தத் தளம் என்று பேர் சொல்லப் போவதில்லை. பேரைச் சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று திரும்பிவிடும், நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை.

பட்டாளம் மார்க்கெட் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே போனைத் திறந்தேன். முந்தின நாள் ராத்திரி ஒருத்தர் ஸ்டான்லியில் படுத்திருக்கும் தன் தங்கச்சிக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் கேட்டிருந்தார், ரெண்டு பேரைக் கேட்டுவிட்டுக் காலையில் நம்பர் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். உள்ளே போக முடியவில்லை. விதிகளுக்கு மாறாக நடந்ததால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்று ஒரே ஒரு வரி. எந்த விதி, எந்தப் பதிவு, எப்போது போட்டது, ஒன்றும் கிடையாது. கீழே மேல்முறையீட்டுக்கு ஒரு பட்டன். அமுக்கினேன். முகத்தை இடது பக்கம் திருப்பு, வலது பக்கம் திருப்பு என்று வீடியோ கேட்டது, கொடுத்தேன். ஆதார் கேட்டது, அதையும் கொடுத்தேன். கடைக்கு நடந்து போய் ஷட்டரைத் தூக்குவதற்குள் பதில் வந்துவிட்டது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. 11 வருஷத்துப் பதிவுகளை 20 நிமிஷத்தில் எந்த மனுஷன் படிப்பான்? ரத்தம் கேட்டவருடைய பேச்சும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணுக்கு ரத்தம் கிடைத்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நான் ஓட்டேரியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஒருத்தர் எரிந்துபோன தண்ணி மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தால் முதலில் சீட்டு எழுதிக் கொடுப்பேன். அப்புறம் பிரித்துப் பார்த்து, ஸ்டார்ட்டிங் காயில் போயிருக்கிறதா, ரன்னிங் காயில் போயிருக்கிறதா, பேரிங் தேய்ந்து ரோட்டர் உரசியிருக்கிறதா என்று கறுத்த இடத்தைக் காட்டித்தான் காசு பேசுவேன். தேறாது என்றால் தேறாது என்று சொல்லி மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், அதில் இருக்கிற செம்பு அவர்களுடையது. இந்த வேலையில் 24 வருஷமாக இருக்கிறேன், காரணம் சொல்லாமல் ஒரு மோட்டாரைக்கூட நான் எடுத்து வைத்துக்கொண்டதில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அம்மா என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு "இன்னாடா ஆச்சு" என்று கேட்டாள். முடிந்தவரை புரிகிற மாதிரி சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு அம்மா கேட்டது இதுதான்: "ரசீது எதனா குடுத்தானா?"

அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 1996-ல் எங்கள் நைனா வேலை பார்த்த பின்னி துணி மில் மூடினதுக்கு அப்புறம் எங்கள் வீட்டில் இருந்த நகை ஒவ்வொன்றாக பேரக்ஸ் ரோடு அடகுக் கடைக்குப் போனது. கம்மல், செயின், என் காதுகுத்துக்குப் போட்ட மோதிரம். ஒவ்வொன்றுக்கும் சீட்டு உண்டு, எடை உண்டு, தேதி உண்டு. வட்டி கட்ட முடியாமல் ஏலத்துக்குப் போன செயினுக்குக்கூட முன்னாடியே நோட்டீஸ் வந்தது, அந்தக் கார்டு இன்னமும் அம்மாவின் மஞ்சப் பையில் இருக்கிறது. நம்மிடம் ஈரம் காட்டாத இடம்தான் அடகுக் கடை. அங்கேகூட உன் பொருள் இது, இந்தக் காரணத்துக்காகப் போகிறது, வேண்டுமானால் இந்தத் தேதிக்குள் வந்து எடுத்துக்கோ என்று சொல்லுவார்கள்.

சரி, அப்படி என்ன பொருள் அந்தக் கணக்கில் இருந்தது என்று கேட்பீர்கள்.

நைனாவின் வீடியோ இருந்தது. 2016-ல் எடுத்தது, 14 நிமிஷம். நைனா மில்லில் வீவிங்கில் 27 வருஷம் வேலை பார்த்தவர். அந்த வீடியோவில் வாயாலேயே மில் சங்கு ஊதிக் காட்டுவார், முதல் சங்கு எப்படி, ரெண்டாவது சங்கு எப்படி, ரெண்டுக்கும் நடுவில் ஆளுங்க எப்படி ஓடுவாங்க என்று எழுந்து நின்று காட்டுவார். பின்னி காக்கி எத்தனை தடவை துவைத்தாலும் சாயம் போகாது என்று பெருமையாகச் சொல்லுவார். தறி ஓடும்போது பக்கத்து ஆள் கத்தினாலும் காதில் விழாதாம், அதனால் எல்லாருமே கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்களாம். டீக்கு ஒரு சைகை, மேஸ்திரி வருகிறான் என்பதற்கு ஒரு சைகை, வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்பதற்கு ஒரு சைகை. ஒவ்வொன்றாகச் செய்து காட்டியிருக்கிறார். 1918 ஏப்ரலில் ஆரம்பித்த மெட்ராஸ் லேபர் யூனியன் என்கிற மில் தொழிலாளர் சங்கம் பற்றி, அதன் தலைவர் வாடியா பற்றி, திரு.வி.க. பற்றி எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. 1921 வேலைநிறுத்தமும், அப்போது புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததும் அதில் இருக்கிறது. ஆனால் தறிச் சத்தத்துக்கு நடுவில் 'எனக்குப் பொண்ணு பொறந்திருக்கு' என்று ஒருத்தன் கையால் எப்படிச் சொன்னான் என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நைனாவைப் பார்த்துவிட்டு இன்னும் ஒன்பது பேர் என்னிடம் பேசினார்கள், எல்லாரும் பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரிக்காரர்கள். அவர்களில் இப்போது உயிரோடு இருப்பது மூன்று பேர். நைனா 2019-ல் போய்விட்டார். அப்போது என் மகளுக்கு ஒரு வயது. அவளுக்குத் தாத்தா என்றால் அந்த வீடியோதான், சங்கு தாத்தா என்றுதான் சொல்லுவாள்.

வேறு காப்பி வைத்துக்கொள்ளவில்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வைத்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணி. சாக்கடையும் மழைத்தண்ணியும் கலந்து நாலு நாள் நின்றது. கரண்ட் இல்லை, குழந்தையையும் அம்மாவையும் மாடி வீட்டில் விட்டுவிட்டு நான் கீழே நின்று எதைத் தூக்குவது என்று பார்த்தேன். அரிசி, கேஸ், பத்திரப் பை. கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் கீழ் அலமாரியிலேயே நின்றுவிட்டன. தண்ணி வடிந்ததும் அம்மா முதலில் கேட்டது நைனா ஆல்பத்தைத்தான், அது கூழாகிவிட்டிருந்தது. "வீடியோ நெட்ல பத்திரமா இருக்கும்மா, அதை எந்தத் தண்ணியும் ஒண்ணும் பண்ணாது" என்று நான்தான் சொன்னேன்.

இதில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காரணம் சொல்லாமல் மூடினால் காரணத்தை ஊர் கண்டுபிடித்துக்கொள்கிறது. முதல் வாரம், "இன்னா அண்ணே, பிளாக் பண்ணிட்டியா" என்று கோபமாகக் கேட்டவர்கள் நாலு பேர். ரெண்டாவது வாரம் பேச்சு மாறியது. ஏதோ அசிங்கமான படம் போட்டானாம், அதனால்தான் தூக்கிவிட்டார்களாம் என்று என் மச்சானிடமே ஒருத்தர் சொல்லியிருக்கிறார். என்ன பதில் சொல்லுவது? இல்லை என்று எதை வைத்து நிரூபிப்பது? குற்றப்பத்திரிகை இருந்தால் மறுக்கலாம், என்னிடம் அதுவும் இல்லையே. பெண்கள் கூட்டம் நிற்கிற கடைக்கு நான் கொஞ்ச நாள் போகவே இல்லை.

நானும் ராத்திரி ராத்திரியாக யோசித்துப் பார்த்தேன். பசங்க காசிமேட்டில் கடலில் குதிக்கிற படமா? மரண ஊர்வலத்தில் கானா பாடின வீடியோவா? இல்லை நாங்கள் பேசுகிற தமிழா? எங்கள் பக்கம் முப்பது வருஷ சிநேகிதனைப் பார்த்தால் முதலில் 'கஸ்மாலம்' என்றுதான் கூப்பிடுவோம், நைனா காலத்து ஆளுங்க பேச்சில் பாதி அப்படித்தான் இருக்கும். அதில் இருக்கிற பாசம் மெஷினுக்குத் தெரியுமா? யாராவது ஒரு கூட்டமாகச் சேர்ந்து என்மேல் புகார் கொடுத்தார்களா? எதுவாகவும் இருக்கலாம். இப்படித் தேடித் தேடி, நல்லபடியாகச் செய்த காரியத்தையெல்லாம் நானே சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்ததுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

ஓசியில் கொடுக்கிறான், அவன் இடம், அவன் இஷ்டம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஓசி இல்லை. நான் போட்ட ஒவ்வொரு பதிவுக்கும் நடுவில் அவர்கள் விளம்பரம் விற்றார்கள். எங்கள் நைனா பேசுவதைப் பார்க்க வந்த கூட்டத்திடம்தான் விற்றார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கணக்குகளை முடக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெண் பிள்ளைகள் படத்தை மாற்றிப் போட்டு மிரட்டுகிறவன், போலிக் கணக்கு வைத்து வேலை வாங்கித் தருகிறேன் என்று காசு பிடுங்குகிறவன், இவனையெல்லாம் உடனே மூட வேண்டும். ஆனால் அவனையும் என்னையும் ஒரே வரியில் அனுப்பிவைத்தால் எப்படி?

இதற்குச் சட்டமே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாரிமுனையில் ஒரு வக்கீல் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. 2021-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் இருக்கிறதாம்: இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளம், தானாக ஒருத்தருடைய பதிவை நீக்கினால், நீக்குவதற்கு முன்னாடியே காரணத்தோடு தகவல் சொல்ல வேண்டும், மறுத்துப் பேச வாய்ப்புக் கொடுக்க வேண்டும். குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், புகார் கிடைத்தது என்று 24 மணி நேரத்தில் சொல்லி, 15 நாளில் முடிக்க வேண்டும் என்றும் அந்த விதிகளில் போட்டிருந்தது. அந்த அலுவலருக்கு நானும் எழுதினேன், உங்கள் மின்னஞ்சல் வந்து சேர்ந்தது என்று மெஷின் பதில் வந்தது, அதோடு சரி. அவர்கள் பதில் திருப்தி இல்லை என்றால் அரசாங்கமே அமைத்த மேல்முறையீட்டுக் குழுக்கள் 2023-லிருந்து இருக்கின்றன, 30 நாளுக்குள் போக வேண்டும். எனக்கு இது தெரிந்தபோது ஆறாவது வாரம். காரணம் சொல்வதற்கு ஒரு விதி, கேட்பதற்கு ஒரு குழு, எல்லாம் இருக்கிறது. மோட்டார் கட்டுகிறவனுக்கு அதை யார் வந்து சொன்னார்கள்? முடக்கிவிட்டோம் என்று சொன்ன அந்தத் திரையிலேயே இன்ன இடத்தில் முறையிடலாம், இத்தனை நாள் இருக்கிறது என்று ரெண்டு வரி தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

2025 அக்டோபரில் வாட்ஸ்அப் கணக்கு முடக்கப்பட்ட ஒருவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். வேறு செயலிகள் இருக்கின்றனவே, நம் ஊர்த் தயாரிப்பான அரட்டை இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்று நீதிபதிகள் கேட்டார்கள். மனு அங்கே நிற்கவில்லை. அரட்டை நம்ம தமிழ்நாட்டு ஆளுங்க செய்தது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஐயா, நாளைக்கு நான் பேசப்போவதற்குத்தானே அதில் இடம் கிடைக்கும்? 2016-ல் நைனா பேசினது எந்தப் புதுச் செயலியில் கிடைக்கும்? ஐரோப்பாவில் தன் தகவலைத் தானே எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகும் உரிமை 2018-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. இங்கே 2019 தனிநபர் தகவல் பாதுகாப்பு மசோதாவில் அது இருந்தது, 2023-ல் சட்டமானபோது அந்தப் பிரிவு இல்லை. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தபோது அரசாங்கம் காரணமாவது சொன்னது. ஆனாலும் எங்கள் தெருப் பசங்க அதில் போட்டு வைத்திருந்த கானாவெல்லாம் அப்படியே போனது, அதில் ஒருத்தன் அதோடு பாடுவதையே விட்டுவிட்டான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

கணக்கைத் திறக்க வேண்டாம். மூடியே வைத்துக்கொள்ளட்டும். எந்தப் பதிவு தப்பு என்று காட்டட்டும், தப்பு இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். மீதியை எடுத்துக்கொள்ள ஒரு வாரம் கதவைத் திறந்துவிடட்டும். இவ்வளவுதான் நான் கேட்பது.

உயிரோடு இருக்கும் அந்த மூன்று பேரையும் மறுபடி போய்ப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஒருத்தருக்குப் பேச்சு குழறுகிறது, ஆனால் கை சைகை எல்லாம் நினைவு இருக்கிறது. இந்தத் தடவை எடுப்பதை உடனே மூன்று இடத்தில் சேமிக்கிறேன், ஒன்று திருவொற்றியூரில் மாடியில் இருக்கும் தங்கச்சி வீட்டில்.

இப்போது இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம். 2016, 2017 வாக்கில் நிறையப் பேர் அந்த வீடியோவை டவுன்லோடு செய்து குரூப்பில் போட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பழைய போன், பழைய மெமரி கார்டு, பென் டிரைவ் எதிலாவது இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். வெள்ளை பனியன், கட்டம் போட்ட லுங்கி, பின்னாடி பச்சைக் கதவு. ஏழாவது நிமிஷத்தில் கரண்ட் போகும், படம் இருட்டாகும், ஆனால் நைனா பேச்சை நிறுத்த மாட்டார். முழுசா இல்லை என்றாலும் பரவாயில்லை, அந்தச் சங்கு வரும் இடம் மட்டும் இருந்தால்கூடப் போதும்.