கெளுத்தியை அடித்தவர்களும் அதைக் காக்க ஓடிவந்தவர்களும்

மண்ணுக்கு அடியில் மலை போன்ற ஒரு கெளுத்தி மீன் கிடக்கிறது, அது உடலை அசைத்தால் நிலம் நடுங்கும் என்று ஜப்பானியர் ஒரு காலத்தில் நம்பினார்கள். நமாசு எனப்படும் அந்த மீனைக் கஷிமா தெய்வம் ஒரு கல்லால் அழுத்தி வைத்திருப்பதாக ஐதிகம். இபராக்கி மாநிலத்தின் கஷிமா ஆலயத்தில் அந்தக் கல்லை இன்றும் காணலாம்; வெளியே தெரிவது அதன் உச்சி மட்டுமே. இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

1855 நவம்பர் 11ஆம் தேதி இரவு, இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரை நிலநடுக்கம் உலுக்கியது. இடிபாட்டிலும் தீயிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அன்றைய ஜப்பானிய நாட்காட்டியில் அது பத்தாம் மாதம். தெய்வங்களெல்லாம் இசுமோ என்னும் புனிதத் தலத்தில் கூடும் அந்த மாதத்தில் கஷிமா தெய்வமும் போயிருந்ததால்தான் மீன் துள்ளிவிட்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சில நாட்களிலேயே, வரைந்தவர் பெயரோ தணிக்கை முத்திரையோ இல்லாத கெளுத்திப் படங்கள் மரக்கட்டையில் அச்சாகித் தெருவில் விற்பனைக்கு வந்தன.

அவற்றுள் ஒன்றை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தீக்கிரையான யோஷிவாரா கேளிக்கைப் பகுதியின் பெண்கள் பெருங்கெளுத்தியைச் சூழ்ந்துகொண்டு ஆத்திரத்தோடு அடிக்கிறார்கள். மேல் மூலையிலோ, கட்டட வேலைக்காரர்கள் அந்த மீனைக் காப்பாற்ற ஓடிவருகிறார்கள். இடிந்த நகரத்தை மீண்டும் கட்டும் தச்சருக்கும் கொத்தருக்கும் கூலி கூடியிருந்த நேரம் அது. வேறு சில படங்களில் செல்வர்கள் பதுக்கிய பொற்காசுகள் வெளியே கொட்டுகின்றன, ஏழைகள் அள்ளுகிறார்கள். இன்னொன்றில் கெளுத்தியே இடிபாட்டிலிருந்து மனிதர்களைத் தூக்கிவிடுகிறது.

பேரழிவு எல்லோரையும் ஒன்றுபோலத் தாக்கும் என்று நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்கிறோம். அது உண்மையல்ல என்பதை அந்தப் பெயரில்லாத ஓவியர்கள் பிணங்கள் எரிந்த சூடு ஆறுமுன்பே சொல்லிவிட்டார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கோபமும், மூன்று வேளைச் சோறு கிடைத்த தச்சனின் நன்றியும் ஒரே விலங்கின் மேல், ஒரே தாளில் விழுகின்றன. இரண்டில் எதையும் அவர்கள் பொய்யென்று மறைக்கவில்லை. ஆட்சியாளர்களுக்கு இது பொறுக்கவில்லை. இரண்டு மாதங்களுக்குள் படங்களைத் தடைசெய்தார்கள்.

கெளுத்தி மறையவில்லை. பெரும் நிலநடுக்கம் வந்தால் பொது வாகனங்களுக்கு மூடப்படும் டோக்கியோ சாலைகளின் அறிவிப்புப் பலகைகளில், மீட்பு வண்டிகளுக்கு வழிவிடச் சொல்லி இன்றும் அது நீந்திக்கொண்டிருக்கிறது.